சுற்று வழி

"நேரா போற ஃப்ளைட்டுல ஒம்பது மணி நேரம். நீங்க எடுத்த டிக்கெட்டுல பத்தொம்பது! முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷனுக்கு நேர் ரூட்டு எதுன்னு தெரியாதா?"

விமானம் மாறும் ஊரில், காத்திருக்கும் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு மனைவி பொரிந்து தள்ளினாள். வீட்டில் ஆரம்பித்த பாட்டு, நடுவானத்திலும் ஓயவில்லை.

"மக வீட்டுக்குத்தானே போறோம். வீடு என்ன ஓடியா போயிடும்?" என்றார் டிரைவர்.

"பேரனுக்கு மீசை முளைக்கிறதுக்குள்ள போய்ச் சேர்ந்தா சரி!"

காரணத்தைச் சொன்னால் அவளுக்கு ரத்தக்கொதிப்பு எகிறிவிடும்.

போன வருடம் மகளின் பிரசவத்துக்கு மனைவி முன்னால் போய்விட, இவர் தனியாக இதே வழியில் வந்தார். இதே கூடத்தில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். "பயப்படாதீங்கண்ணே, நான் இருக்கேன்" என்று தமிழில் ஒரு குரல். சக்கர நாற்காலி தள்ளும் ஊழியர் ஒருவர் அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார் மருத்துவர்.

கண் விழித்தபோது அந்த மனிதர் வேலைக்குத் திரும்பியிருந்தார். "ஃப்ளைட்டை விட்டுட்டேன்" என்று வீட்டில் புளுகிவிட்டு, மெதுவாகப் போய்ச் சேர்ந்தார் டிரைவர். ஆனால் அந்த ஊழியரைப் பார்த்து ஒரு வார்த்தை நன்றி சொல்லாவிட்டால் தன் கட்டை வேகாது என்று அன்றிலிருந்து ஓர் உறுத்தல்.

"காபி வாங்கிட்டு வர்றேன்" என்று நழுவினார்.

சக்கர நாற்காலிகள் நிற்கும் இடத்தில் அடையாளம் சொல்லி விசாரித்தார். நரைத்த தாடி, இடது புருவத்தில் தழும்பு. அங்கிருந்த பெண்ணுக்கு ஆள் யாரென்று உடனே புரிந்துவிட்டது.

"இன்னைலேருந்து லீவுன்னு போன வாரமே சொன்னாரே!"

டிரைவருக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை தூரம் வந்தும் கொடுத்து வைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

மனைவியின் எதிரே நரைத்த தாடிக்காரர். அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு அவள் விசும்பிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?" அதே குரல்.

டிரைவர் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். கண்ணீர் கொட்டியது. மனைவியைப் பார்த்து, "உனக்கு... எப்படி?" என்று திணறினார்.

"நீங்க விழுந்ததும், உங்க போன்ல கடைசியா பேசின நம்பர்னு எனக்குத்தானே இந்தத் தம்பி போன் பண்ணாரு! நான் பயந்துடுவேன்னு மறைச்சீங்க. சரி, அந்த நிம்மதியாவது உங்களுக்கு இருக்கட்டும்னு நானும் விட்டுட்டேன்."

தாடிக்காரர் சிரித்தார்.

"நீங்க சுத்து வழியில டிக்கெட் எடுத்த அன்னைக்கே அக்கா போன்ல சொல்லிட்டாங்கண்ணே. இன்னைக்குப் போட்டிருந்த லீவைக்கூட நாளைக்குத் தள்ள வச்சதே அவங்கதான்!"