நளினம் இல்லை

வேலூர் சித்திரக் கல்லூரியில் பரீட்சைப் படங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இதுல நளினமே இல்ல. முரட்டுக் கை. பெயில்!” என்று ஒரு படத்தைத் தள்ளினார் வேலாயுதம்.

இன்னொரு வாத்தியாரான ராமமூர்த்தி அதை எடுத்துப் பார்த்தார். “இன்னா சார், தச்சன் கட்டை இழைக்கிறான். நல்லாத்தானே இருக்கு? முதுகு மட்டும் ஜாஸ்தியா வளைஞ்சிட்டுது.”

“தச்சன் இல்ல சார். ஊறவெச்ச தோலைக் கட்டைமேல போட்டு மயிர் வழிக்கிறான். நாள்பூரா குனிஞ்சா முதுகு அப்படித்தான் ஆவும்.”

“நீங்க மிராசுதார் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிக்குவீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கியோ படிச்சேன்” என்று அவசரமாக முட்டை போட்டார் வேலாயுதம்.

ஆம்பூர் தோல்ஷாப்பில் அப்படியே வளைந்துபோன அப்பாவின் முதுகில் உப்புமூட்டை ஏறித்தான் அவர் பள்ளிக்கூடம் போனார்.