லீக் நின்றுவிட்டது

காருக்கு அடியில் விரித்திருந்த தாளில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை.

தங்கப்பாண்டியனால் நம்ப முடியவில்லை. டிராக்டர் கொட்டகையின் மண் தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தான். மயில் படம் போட்ட பட்டாசு லேபிள் தாள், நேற்றுச் சாயங்காலம் அவன் விரித்தபடியே பளிச்சென்று கிடந்தது.

சிவகாசியில் அவன் நடத்தும் அச்சாபீசில் நிறம் தப்பிப்போகிற லேபிள் தாளெல்லாம் ஐந்து வருஷமாக இந்தக் காருக்கு அடியில்தான் வந்து சேர்கின்றன. காலையில் எடுத்துப் பார்த்தால் மயில் காக்காயாகியிருக்கும்.

ரெண்டு கதவு, ரெண்டே சீட்டு, தரையோடு தரையாக ஓடும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மதுரையில் ஒரு டாக்டர் மகனிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கல்யாணமான புதிதில் மாரிச்செல்வியைப் பக்கத்தில் உட்காரவைத்து, குற்றாலச் சாரலில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனதெல்லாம் இதில்தான். நனைந்துகொண்டே அவள் சிரித்த சிரிப்பு அவன் காதில் இன்னும் இருக்கிறது.

அழகுக்கு ஒரு குறையும் இல்லை. ஒழுகல்தான்.

கார் தெருமுனையில் திரும்பும்போதே சொந்தக்காரர்கள் வாசலில் சாக்கை விரித்துவிட்டுத்தான் வாங்க என்பார்கள். லேபிள் ஆர்டர் எடுக்கப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனால், தூரத்தில் பார்த்ததுமே வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டு, வேலிக்கருவை நிழலில் ஓரங்கட்டச் சொல்லிக் கையைக் காட்டுவார். வெடிமருந்து புழங்குகிற இடத்தில் எண்ணெய் சொட்டுகிற வண்டியை யார் உள்ளே விடுவார்கள்?

எண்ணெய் கசியாமல் இடையில் வைத்து முடுக்குகிற பேக்கிங் இந்தக் காருக்கு எந்த ஊரிலும் கிடைக்கவில்லை. மெக்கானிக் சின்னச்சாமி காலண்டர் அட்டையை வெட்டித்தான் எஞ்சினுக்கு அடியில் பேக்கிங்காக வைப்பார். சாமி படம் ஒட்டிய அட்டையில் மட்டும் கத்திரி வைக்க மாட்டார். பனிமலை, பூந்தோட்டம், கன்னத்தில் கைவைத்த குழந்தை என்று தேடிப்பிடித்துக் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் அட்டை ஊறிப்போய்ப் பழையபடி சொட்டும்.

ஆனால் ஒரு அதிசயம் இருந்தது. எம்புட்டு ஒழுகினாலும் எண்ணெய் குறையாது. பார்க்கிறபோதெல்லாம் அளவுக் கம்பியில் மேல்கோடு வரை நிற்கும். என் வண்டிக்கு வியர்க்கிறது, அவ்வளவுதான் என்று தங்கப்பாண்டியன் பீற்றிக்கொள்வான். சின்னச்சாமி தலையைச் சொறிவார்.

அவனுடைய அய்யா முத்துராமலிங்கத்துக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. கழுதை என்றுதான் பெயர் வைத்திருந்தார். ஒரு நாளும் அவர் அதைத் தொட்டு இவன் பார்த்ததில்லை, நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதும் இல்லை.

அய்யா ஆடியில் போய்ச் சேர்ந்தார். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த கார் அன்றிலிருந்து கொட்டகையிலேயே நின்றது. இனிக் காடுகரை பார்ப்பதும் அவன், அம்மாவையும் பொண்டாட்டி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அலைவதும் அவன். ரெண்டு சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? விற்க மனசில்லை, வைத்திருக்க வழியும் இல்லை.

பார்க்க வந்த ரெண்டு பேர் தரையிலிருந்த கறையைக் கண்டதும் கழன்றுகொண்டார்கள். மூன்றாவது ராஜபாளையத்து அண்ணாச்சி. லீக் நின்றால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். இன்று காலை வருகிறார்.

சின்னச்சாமி கடைசியாக ரெட்டை அட்டை வைத்தது பிடித்துக்கொண்டதாக்கும் என்று தங்கப்பாண்டியன் நினைத்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. கொடுப்பதற்கு முன்னால் ஊரை ஒரு சுற்று சுற்றி வரலாம் என்று ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டான்.

மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த அம்மா இருளம்மாள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஏலே, திருகாத. எண்ணெ கெடக்கான்னு பாத்தியா?"

காரைப் பற்றி அம்மா கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் சிரித்துக்கொண்டே இறங்கி, பானெட்டைத் திறந்து கம்பியை உருவினான்.

கம்பி காய்ந்து கிடந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தான். நுனியில்கூட ஈரமில்லை. உள்ளே ஒன்றும் இல்லாதபோது வெளியே என்ன சொட்டும்?

இருளம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "விடியுமுன்ன டிராக்டர் டின்னுலருந்து அவுகதான் ஊத்துவாக. உங்கிட்டச் சொல்லப்பிடாதுன்னுட்டாக. அய்யாவுக்கு நெஞ்சு வலிக்குன்னு நீ ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக்கிட்டு இருந்தேல்ல, அன்னைக்கும், பாதி வழியில நின்னுட்டா புள்ள பதறிப்போவான்னு ஊத்திட்டுத்தான் ஏறுனாக."

அய்யா அந்தக் காரில் ஏறியது அந்த ஒரு நாள்தான். மதுரை போய்ச் சேரும்வரை ரெண்டு கையையும் துண்டுக்குள் சுருட்டியே வைத்திருந்தார். வலியில்தான் அப்படிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்து, நாலுவழிச் சாலைக்கு மண் அடித்துப் போட்டிருந்த பாதையில் அவன் பறந்தான். எண்ணெய் பட்ட கையை அவர் மகன் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

தங்கப்பாண்டியன் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். அழுகையை அடக்க முடியவில்லை. அம்மா பக்கத்தில் நின்று அவன் தலையில் கைவைத்தாள்.

சட்டைப் பையில் செல்போன் அடித்தது. ராஜபாளையம். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"கெளம்பாதீக அண்ணாச்சி," என்றான். "லீக்கு இன்னும் நிக்கல."