செண்பகத்தின் இளைப்பு

"செண்பகத்துக்கு மூச்சிளைப்பு. உடனே புறப்பட்டு வரவும்."

சம்மந்தி வீட்டுக் கார்டைப் படித்ததும் தனகோட்டி பனமலையிலிருந்து செஞ்சிக்கு பஸ் ஏறிவிட்டார். மகளுக்குக் கல்யாணமாகி மூன்றே மாதம். நோய்க்காரப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்களோ?

வாசலிலேயே கைகூப்பினார். "சத்தியமா சம்மந்தியம்மா, எங்க வூட்ல இருந்த வரைக்கும் அதுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்ல."

"தெரியும்ணே. இங்க வந்துதான் இளைக்குது" என்றாள் ராஜம்மாள். "டாக்டர் இந்த வூட்ல வெச்சிக்கவே கூடாதுன்னுட்டாரு. நீங்க இட்டுகினு போயிடுங்க."

"கொஞ்ச நாளைக்கா?"

"இல்லண்ணே. ஒரேயடியா."

தனகோட்டிக்குக் கண் கலங்கியது. "பொண்ணு எங்க?"

"உள்ள உங்களுக்குத்தான் சோறு வடிக்குது."

உள்ளே போன ராஜம்மாள் மூடிபோட்ட கூடையோடு வந்தாள். அதற்குள்ளிருந்து ஒரு பூனை கத்தியது.

"இதோட முடிதான் செண்பகத்துக்கு ஆவலியாம். எட்டு வருஷமா என் பக்கத்துலயே தூங்கினது. வேற யாரை நம்பிக் குடுப்பேன்? ஏரி மீனு போடுங்கண்ணே, முள்ளு எடுத்துட்டு." அவள் குரல் உடைந்தது.

தனகோட்டி இரண்டு கைகளாலும் கூடையை வாங்கிக்கொண்டார்.

"நீங்க என் பொண்ணைப் பாத்துக்கற மாதிரியே பாத்துக்கறேன், தாயே."