திரை வாங்கிய முகம்

எனக்குத் துரோகம் செய்தது எதிர்ச்சுவர் மின்திரைதான். கண்காட்சிக்கு வருகிறவர்களின் முகத்தைப் பிடித்து, அவர்கள் சிரிக்காதபோதும் சிரிக்க வைப்பது அதன் வேலை. அதைப் பார்த்துப் பயந்தவர்கள் வாசலோரக் கண்ணாடியான என்னிடம் வந்து, முகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

“அண்ணே, உங்ககிட்ட இருக்கற முகத்தக் கொஞ்சம் கொடுங்க. பாத்துட்டுத் தந்துடறேன்” என்றது திரை.

நம்பிக் கொடுத்தேன். கண்காட்சி பார்க்க வந்து, என் முன்னால் தலைவாரிக்கொண்டிருந்த செண்பகவல்லிக்குச் சீப்பும் கையும் மட்டுமே தெரிந்தன. என்னைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

“குடுடா, பொண்ணு அழுவுது.”

“எங்க அழுவுது? இங்க சிரிக்குதே!”

முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அவள் ஓடிவிட்டாள்.

தினமும் கேட்கிறேன். “நாளைக்குத் தரேண்ணே” என்கிறது திரை, அவள் வாயால்.