பினாங்குக்கு ஓஸ்தி

தகர டப்பாவை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்ததும் கூடமே சிரித்தது.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கடைசிவரை சிரித்தது யார் என்று தெரியும். என் கணவர்.

டப்பா நிறைய ஓஸ்தி. பூசையில் சாமியார் நம் நாக்கில் வைப்பாரே, அந்த மெல்லிய வெள்ளை அப்பம். இன்னும் பீடம் ஏறாதது. அன்று பகலில்தான் சுட்டேன்.

வாலிபர் சங்கத்துக் காரியதரிசி ரேமண்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"ஐயோ மார்த்தாக்கா, இது அந்த ஹோஸ்ட் இல்லைலா! விருந்தாளிய வாங்கன்னு கூப்பிடுற வீட்டுக்காரங்க இருக்காங்கல்ல, அந்த ஹோஸ்ட்லா!"

மேடையைக் காட்டினான். நான்கு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஊர்ப்பெயர் எழுதிய அட்டை. லண்டன், ரோமாபுரி, டோக்கியோ, பினாங்கு.

அடுத்த ஒலிம்பிக் பந்தயத்தை எந்த ஊர் நடத்துவது என்று சங்கத்தார் பாவனைக்கு ஒரு போட்டி வைத்திருந்தார்கள். ஊர்ப்பெருமை பேச ஒருவர். உலகத்தையே வீட்டுக்கு அழைக்கிற வீட்டுக்காரராக நாற்காலியில் உட்கார இன்னொருவர். அந்த வீட்டுக்காரருக்கு இங்கிலீஷில் ஹோஸ்ட் என்று பெயராம். ஓஸ்திக்கும் அதே பெயர்தான்.

லண்டன் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தது. டோக்கியோ கையில் காகித விசிறி. பினாங்கு நாற்காலி காலியாக இருந்தது.

பினாங்குக்காகப் பேசப்போகிறவர் என் கணவர் வேதநாயகம். கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. ஒரு வாரமாகக் கண்ணாடிமுன் நின்று, 'விருந்தோம்பலின் தாய்வீடு பினாங்கு' என்று தொண்டை வறளப் பாடம் பண்ணியவர். கோட்டைச் சரிசெய்துகொண்டு பங்குச் சாமியாரிடம் போனார்.

"மன்னிக்கணும் சாமி. இங்கிலீஷ் வாசனையே இல்லாதவ. அரைகுறையா காதுல விழுந்ததப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறா."

மறுபடியும் சிரிப்பு.

சிரித்த அத்தனை வாயும் ஞாயிற்றுக்கிழமை என் ஓஸ்திக்கு நாக்கை நீட்டுகிற வாய்தான். எனக்கு உச்சிமண்டை வரை கொதித்தது. தொண்டைவரை வந்ததை விழுங்கினேன். சபையில் புருஷனைப் பேசிவிட்டால் பேசினவள்தான் கெட்டவள். அவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

சாமியார் சிரிக்கவில்லை. பிரான்சு தேசத்துக்காரர், நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். பீடத்துக்கு உரியதை வேடிக்கைக் கூடத்துக்குத் தூக்கிவந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை.

"மார்த்தா, அச்சை நாளைக்குக் கோவிலில் ஒப்படைத்துவிடு. வேறொருத்தி பார்த்துக்கொள்வாள்."

ஓஸ்தி வார்க்கிற இரும்பு அச்சு அது. சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். பிள்ளையில்லாதவள் என்று ஞானஸ்நான விருந்துகளில் என்னைப் பின்வரிசைக்குத் தள்ளுகிறவர்கள்கூட, 'ஓஸ்தி சுடுகிற அம்மாள்' என்றால் வழிவிடுவார்கள். வெட்டி மிஞ்சிய ஓரங்களுக்காகத் தெருப்பிள்ளைகள் வாசலில் நிற்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் மாவை ஒரு கை கூடுதலாகக் கரைப்பேன்.

அத்தனையும் ஒரு சிரிப்பில் போயிற்று.

என் கணவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

ரேமண்ட் மணி அடித்தான். "எங்கண்ணே உங்க ஆளு? ஹோஸ்ட் இல்லேன்னா பினாங்கு போட்டியிலேயே இல்லைலா!"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இதோ, இவதான். நம்ம ஊருக்கு இவ உட்காரட்டும்."

அரைகுறை இப்போது ஊருக்கே வீட்டுக்காரி ஆகிவிட்டாள். என்ன திமிர் இந்த மனுஷனுக்கு!

மேடை ஏறினேன். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

லண்டன் அழைத்தது. ரோமாபுரி அழைத்தது. டோக்கியோ குனிந்து குனிந்து அழைத்தது. பிறகு அவர் பேசினார். தாய்வீடு வந்தது, விருந்தோம்பல் வந்தது. வந்தவர் முகம் வாடினால் பொறுக்காத ஊர் எங்கள் ஊர் என்றார். கூடம் அதிரக் கைதட்டினார்கள். கோப்பை பினாங்குக்குத்தான் என்று ரேமண்டே சத்தமாகச் சொன்னான்.

ஒரே ஒரு சடங்கு பாக்கி. நடுவராக இருந்த சாமியார் ஒவ்வொரு ஹோஸ்டிடமும் கேட்ட கேள்வியை என்னிடமும் கேட்டார். உலகத்தார் உங்கள் ஊருக்கு வரலாமா?

'வாங்க' என்று ஒரு சொல் போதும். என் கணவர் கீழே நின்று, சொல் சொல் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். எந்த மாமியாரும் குறை சொல்ல முடியாத பணிவோடு பேசினேன்.

"என் வீட்டுக்காரரைத்தான் கேக்கணும் சாமி. அவரு சொல்லாம நான் எதுவும் செய்யறதில்ல. காலையில, 'பினாங்குக்கு ஓஸ்தி வேணும்னு ரேமண்ட் சொல்லிட்டான், சுட்டுச் சாயங்காலம் எடுத்துட்டு வா'ன்னு சொன்னாரு. விளையாட்டுக்கு எதுக்குங்க ஓஸ்தின்னு கேட்டேன். 'இங்கிலீஷ் தெரியாதவ வாய மூடு'ன்னாரு. மூடிக்கிட்டுச் சுட்டேன்."

டோக்கியோவின் விசிறி நின்றுவிட்டது.

சாமியார் என் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு மெல்லக் கூடத்தின் பக்கம் திரும்பினார்.

"வேதநாயகம், உத்தரம் சொல்லும்."

அவர் என்னைப் பார்த்தார். வழக்கம்போல நான் இறங்கி வந்து எதையாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று நினைத்திருப்பார்.

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.