மரிவிக்கின் பாயிண்ட் ஏறிவிட்டது

“பார்ட்டி எப்போக்கா? ஒரு தட்டு நூடுல்ஸாவது வாங்கித் தருவியா, மாட்டியா?”

தேநீர் இடைவேளையில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஷெர்லின் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

மரிவிக் கோப்பையைக் கழுவினாள்.

நல்ல சேதி வந்தவள்தான் ஊருக்கே வாங்கித் தரவேண்டும். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு இது எழுதாத சட்டம். மணிலாவை விட்டு வின்னிபெக் குளிருக்கு வந்தாலும் மாறாது.

வந்ததும் சாதாரணச் சேதி இல்லை. கனடாவிலேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம் என்று அழைப்பு. வயது, படிப்பு, மொழி எல்லாவற்றுக்கும் பாயிண்ட் போட்டு, அரசு வைத்த கோட்டைத் தாண்டியவர்களுக்கு மட்டும் வருவது. மாதக் கடைசியில் வேலை அனுமதி முடிகிறது. இது வந்திராவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். இனி மகளை இங்கே அழைத்துக்கொள்ளலாம்.

அந்த முதியோர் இல்லத்தில் ஷெர்லின் புதிது. அறையில் இருந்த மற்ற இரண்டு பெண்கள் பழையவர்கள். அவர்கள் பார்ட்டி கேட்கவில்லை.

“பாயிண்ட் எப்படிக்கா ஏறிச்சு? ஃப்ரெஞ்சு படிச்சியா? படிச்சிருப்ப, சொல்ல மாட்ட. நூடுல்ஸ்லயும் கஞ்சம், ரகசியத்துலயும் கஞ்சம்!”

“வேலையப் பாரு, ஷெர்லின்.”

ஃப்ரெஞ்சு! அதையும்தான் படித்தாள். இரவு வேலை முடித்து, பேருந்தில் தூங்கி வழிந்தபடி படித்தாள். ஆங்கிலப் பரீட்சையை மறுபடி மறுபடி எழுதினாள். ஊர்க் கல்லூரிப் பட்டம் பட்டம்தானா என்று இங்கே யாரோ சரிபார்ப்பதற்கும் பணம் கட்டினாள்.

இவள் ஒரு படி ஏறினால் அவர்கள் வைத்த கோடு இரண்டு படி ஏறும்.

பிறந்தநாள் வந்தால் ஊரில் கேக் வெட்டுவார்கள். இங்கே பாயிண்டை வெட்டினார்கள். வயதாகிவிட்டதாம். இவர்களுடைய கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்ட மட்டும் அந்த வயது போதும்.

போதாக்குறைக்கு ஊரில் இருந்த கணவன் நெஸ்டரின் ஆங்கிலம். மனைவியோடு வருவதென்றால் கணவனின் ஆங்கிலத்துக்கும் மார்க் உண்டு. கரோக்கியில் மைக்கைப் பிடித்தால் ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலப் பாட்டு பாடுகிற மனிதன், பரீட்சை அதிகாரி “உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு வந்தான்.

“பாடச் சொல்லியிருந்தா பாஸு” என்று போனில் சிரித்தான். இவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

ஷெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கினாள்.

“என் வீட்டுக்காரனும் அப்படித்தான். பரீட்சைன்னாலே ஓடி ஒளிவான். என் பாயிண்டு ஏறாம காலப் புடிச்சு இழுக்கிறதே அவன்தான்.” குரலைத் தாழ்த்தினாள். “நீ, ‘புருஷன் கூட வரலை’ன்னு போட்டுட்டியா? அந்த ஏஜென்ட் சொல்ற வழிதானே? அடிப்பாவி அக்கா!”

பழையவர்களில் ஒருத்தி, “ஏய், சும்மா இரு” என்றாள்.

அந்த வழியை ஏஜென்ட் மரிவிக்குக்கும் சொல்லியிருந்தான். கணவர் கூட வரவில்லை என்று ஒரு வரி போட்டால் தனியாள் கணக்கு, உடனே ஏறும் என்றான். யாருக்காக இவ்வளவு கூத்தும் என்று கத்திவிட்டு போனை வைத்தவள் அவள்.

“சொல்லுக்கா. நானும் அதையே போட்டுத் தொலைக்கிறேன்.”

மரிவிக்குக்கு அலுத்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, சீருடை மேல்சட்டையின் ஓரத்தை விலக்கிக் காட்டினாள்.

உள்பக்கம், நெஞ்சுக்கு நேரே, விரல் நகமளவு ஒரு கறுப்பு வில்லை குத்தியிருந்தது. கிழவர்களின் தோலைக் கீறிவிடும் என்று இங்கே வெளியே எதையும் குத்திக்கொள்ள விடமாட்டார்கள்.

ஷெர்லினுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரில் வீட்டில் சாவு விழுந்தவர்கள் ஓராண்டு அதைக் குத்தியிருப்பார்கள். அந்த ஆண்டில் பார்ட்டி கிடையாது.

“அவருக்கு மாரடைப்பு. போன மாசம்” என்றாள் மரிவிக். “விண்ணப்பத்தில திருமணமானவர்னு இருந்த இடத்தில விதவைன்னு மாத்தினேன். பாயிண்ட் ஏறினது அதுலதான்.”

ஷெர்லின் எழுந்தாள். போனை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனாள்.

அங்கே ஊரில் இந்நேரம் நள்ளிரவு. கதவு முழுதாகச் சாத்தவில்லை; ஷெர்லினின் குரல் கேட்டது.

“எழுப்பிட்டேனா?... இல்ல, பரீட்சையப் பத்தி இல்ல... ஒண்ணும் ஆகல எனக்கு... நீ சும்மா ஏதாவது பேசு.”