எண்பத்தஞ்சாம் வருஷத்து முகம்

“பவுடர் இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கணும் மேடம். முகத்துக்கும் கழுத்துக்கும் வித்தியாசம் தெரியணும். அப்பெல்லாம் அப்படித்தான் போடுவாங்க.”

விஜயராணி சொன்னபடி அக்ஷரா முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். பழைய காலத்து மேக்கப்பை இன்றைய சாமான்களைக் கொண்டே அச்சு அசலாகப் போடுகிறவள் என்று இன்ஸ்டாகிராமில் பெயர் வாங்கியவள் விஜயராணி. வீரபாண்டியில் சின்னதாக ஒரு பார்லர். அக்ஷராதான் தேடிப் பிடித்து, முதலிபாளையத்தில் இருக்கும் தங்கள் தையல் கம்பெனிக்கு வரவழைத்திருந்தாள்.

அடுத்த வாரம் கம்பெனிக்கு நாற்பதாம் ஆண்டு விழா. ஒற்றைத் தையல் மெஷினில் தொடங்கிய கம்பெனி. மாமனார் பொங்கியண்ணன் அலைந்து திரிந்து ஆர்டர் பிடித்து வர, அத்தை முத்தாத்தாள் இரவு பகலாக உட்கார்ந்து தைத்தாளாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்ஷரா இந்தக் கதையைக் கேட்டு வருகிறாள். “ஒரு பட்டன் தெக்கத் தெரியுமா உனக்கு? நானெல்லாம் ஒத்தை மெசினுல இந்தக் கம்பெனியவே தெச்சவ” என்று அத்தை குத்திக் காட்டாத நாளில்லை.

மாமனார் இறந்தபின் அவருடைய பீரோவை ஒழித்தபோது கணவன் ரித்தீஷுக்கு ஒரு போட்டோ கிடைத்தது. மெஷின் முன்னால் ஓர் இளம்பெண். நிறம் மங்கி, முகம் பாதி வெளிறிப் போயிருந்தது. அத்தையைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? அக்ஷராவுக்கு யோசனை பளிச்சென்று உதித்தது. அதே கோலத்தில், அதே மெஷினில் தான் உட்கார்ந்து படமெடுத்து, ஆபீஸ் வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டினால்? இதைப் பார்த்தாவது அத்தையின் மனசு தன் பக்கம் திரும்பாதா?

காலையில் போட்டோவை வாங்கிய விஜயராணி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“யாருங்க மேடம் இது?”

“எங்க அத்தைங்க்கா. இந்தக் கம்பெனியோட மொதல் டெய்லர்.”

“ஓ” என்றாள். அதற்குப் பிறகு பெட்டியைத் திறந்து வேலையில் இறங்கினாள்.

ஃபவுண்டேஷனின் மினுமினுப்பை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, மேலே வெள்ளைப் பவுடரை அப்பினாள். ஜெல் ஐலைனரை விரலால் தேய்த்து, வீட்டில் காய்ச்சிய மை போலக் கலைத்துவிட்டாள். மெரூன் லிப்ஸ்டிக்கைத் தீக்குச்சி முனையில் தொட்டு நெற்றியில் வட்டமாக வைத்தாள். பார்த்தால் சாந்துப் பொட்டேதான்.

“புருவம் ரெண்டும் கிட்டத்தட்ட சேந்து இருக்கும்” என்று பென்சிலை எடுத்தாள். “கீழுதடு கொஞ்சம் தடிப்பு.”

“போட்டோல மூஞ்சியே தெரியலீங்க்கா. இதெல்லாம் எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

“உத்துப் பாத்தா தெரியும் மேடம்.”

கடைசியாகப் பழுப்பு கான்டூரை எடுத்து, கன்ன எலும்புக்குக் கீழே அழுத்தி இழுத்தாள். “இப்ப மூஞ்சி ஒல்லியாத் தெரியணும்னு காசு கொடுத்து இதைப் போட்டுக்கிறாங்க. அப்ப ஒண்ணும் போட வேண்டியதில்ல. ரெண்டு வேளை சாப்பாடு இல்லைன்னா கன்னம் தானா ஒட்டிக்கும்.”

அக்ஷராவுக்கு என்னவோ போலிருந்தது. “அத்தை பட்டினி கெடந்தாங்களா? சொன்னதே இல்லீங்க்கா.”

“பட்டினி கெடந்தவங்க அதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டாங்க மேடம்.”

கண்ணாடியைத் திருப்பிக் காட்டினாள்.  கண்ணாடியில் அவள் இல்லை. கூர்மையான கண்களும் ஒட்டிய கன்னங்களுமாக யாரோ ஒருத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முகத்தையா நான் இத்தனை நாள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அழாதீங்க மேடம், மை கலைஞ்சிரும்” என்றாள் விஜயராணி. தன் கண்ணையும் டிஷ்யூவால் ஒற்றிக்கொண்டாள்.

எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த மெஷினின் முன் அக்ஷரா போய் உட்கார்ந்தாள். போட்டோகிராபர் விளக்குகளைப் போட்டான். வெளியே ரித்தீஷின் குரல் கேட்டது.

“அம்மா, கண்ணை மூடிக்கிட்டே வாங்க. நான் சொன்னதுக்கப்பறம் தொறங்க.”

“என்னடா கண்ணு, இந்த வயசுல எனக்கு வெளையாட்டு?” முத்தாத்தாள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

“இப்பப் பாருங்க!”

முத்தாத்தாள் கண்ணைத் திறந்தாள். அக்ஷரா மெஷினிலிருந்து தலையை நிமிர்த்திப் புன்னகைத்தாள்.

அத்தையின் சிரிப்பு அப்படியே உறைந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பிடிமானத்துக்குக் கதவைப் பற்றிக்கொண்டாள். தொண்டையைக் கிழித்துக்கொண்டு குரல் வந்தது.

“மெசினு என்னுதுன்னு கேட்டுக்கிட்டு இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சொன்னேனல்ல? போலீசுல புடிச்சுக் குடுத்தும் உனக்குப் புத்தி வல்லியா, பாண்டியம்மா?”

“அம்மா, அது நம்ம அக்ஷராம்மா!” ரித்தீஷ் பதறினான். “பாண்டியம்மா யாரு?”

 பிரஷ்ஷைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு விஜயராணி நிமிர்ந்தாள்.

“எங்கம்மாங்க. போட்டோல இந்த மெஷினுல உக்காந்திருக்கிறவங்க” என்றாள் நிதானமாக. “கம்பெனி கேட்டுக்கு வெளிய நின்னு நின்னே செத்துப் போனாங்க. ஒரு தடவையாவது அவங்களை உள்ள கூட்டிட்டு வரணும்னு நெனச்சேன், கூட்டிட்டு வந்துட்டேன்.”